பெயருக்கு ஒரு நட்சத்திரம்

நான்காவது முறையாகக் கணினி நிரல் மூடிக்கொண்டபோது மணி பத்து நாற்பத்தெட்டு. நீதிபதி கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த சுருக்கெழுத்தரைப் பார்த்தார்.

"லோரெட்டா?"

"போயிடுச்சு, யுவர் ஆனர்."

"என்ன சொல்லிட்டுப் போச்சு?"

"ஒண்ணும் சொல்லல. காலையிலேர்ந்து ஒரு தடவைகூட ஒண்ணும் சொல்லல."

இடதுபக்க மேசையில் டீனா ராஸ்மஸின் முன்னால் இருந்த சின்னத் திரை சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருந்தது. டீனாவுக்குக் காது கேட்காது. ஐந்து வருடங்களுக்கு முன் மூளைக்காய்ச்சல் வந்து, மூன்றே நாளில் கேட்கும் திறன் போனது. இருபத்தேழு வயதுக்கு மேல் படிக்கத் தொடங்கிய சைகை மொழி, கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வந்திருந்தது. அதனால் ஹெட்லண்ட் கவுண்டி நீதிமன்றம் அவளுக்கு வேறு ஏற்பாடு செய்திருந்தது. லோரெட்டா க்விஸ்ட் தன் சுருக்கெழுத்து இயந்திரத்தில் தட்டத் தட்ட, மடிக்கணினியில் இருக்கும் நிரல் வழியாக, அறையில் பேசப்படுவதெல்லாம் ஒரு நொடி தாமதத்தில் அந்தத் திரையில் எழுத்தாக ஓடும்.

ஓட வேண்டும். காலையிலிருந்து ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

"ஒன்றரை மணி வரைக்கும் ஒத்திவைக்கிறேன்" என்றார் நீதிபதி. "அதுக்குள்ள திரை சரியாகணும். ஒரு தரப்புக்குப் புரியாம ஒரு விசாரணையை என்னால நடத்த முடியாது. சரியாகலேன்னா அடுத்த தேதி மே பன்னிரண்டு. எனக்கு அதுக்கு முன்னாடி இடமில்ல."

டீனாவின் வக்கீல் அதை மஞ்சள் தாளில் எழுதி அவள் பக்கம் தள்ளினார். டீனா படித்தாள். தன் குரல் எவ்வளவு உயரம் என்று அவளுக்குத் தெரியாது. "மே மாசமா?" என்று அவள் கேட்டது தாழ்வாரம் வரை கேட்டது. "அவர் ஒண்ணாம் தேதி வயோமிங் போறாரு!"

'அவர்' என்றால் வலதுபக்க மேசையில் உட்கார்ந்திருந்த முன்னாள் கணவன். குழந்தை இப்போதைக்கு அவனிடம் இருக்க வேண்டும் என்று ஒரு தற்காலிக உத்தரவு இருந்தது. இரவில் குழந்தை அழுதால் அம்மாவுக்குக் கேட்காது என்பது அவன் வாதம். வயோமிங்கில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. உத்தரவை மாற்ற வேண்டுமானால் இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிக்க வேண்டும். இன்று முடியாவிட்டால் ஏழு வயதுப் பெண் எண்ணூறு மைல் தள்ளிப் போய்விடுவாள். தேதி பிப்ரவரி இருபத்தாறு.

கீழ்த்தளத்தில் ரஸ் ஓப்டால், வாகன உரிம கவுன்டரின் பிரின்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கவுண்டி முழுவதற்கும் கணினி ஆள் அவன் ஒருவன்தான். நீதிமன்றக் காவலர் வெர்ன் படியிறங்கி வந்தார். எழுபது வயது. முப்பது வருடம் ஷெரிஃப் அலுவலகத்தில் இருந்துவிட்டு, வீட்டில் உட்கார முடியாமல் இங்கே வந்தவர்.

"வாப்பா மேல. லோரெட்டாவோட பெட்டி செத்துப்போச்சு."

"செத்துச்சா, மூடிக்கிச்சா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு நிறைய இருக்கு."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு. நீ எப்பவும் எல்லாருக்கும் அதைத்தானே சொல்ற?"

ரஸ் மேலே போனபோது அறையில் லோரெட்டா மட்டும் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. மடிக்கணினிக்கும் சுருக்கெழுத்து இயந்திரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் உட்கார்ந்தார். யாராவது பேசினால் அவர் விரல்கள் தொடைமேல் தாமாகவே அசைந்தன. சுருக்கெழுத்தர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. மளிகைக் கடையில் வரிசையில் நிற்கும்போதும் முன்னால் நிற்பவர்கள் பேசுவதை விரல்கள் எழுதிக்கொண்டிருக்கும்.

"பதினொரு வருஷமா இதே நிரல்தான், ரஸ். ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல. இன்னிக்கு நாலு தடவை."

"மூடும்போது என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. இருக்கு, அப்புறம் இல்ல. நான் பேசறவங்க வாயைப் பாத்துட்டிருப்பேன், திரையைப் பாக்க மாட்டேன். நிமிர்ந்து பாத்தா காலி. திருப்பித் திறந்தா கோப்பு பத்திரமா இருக்கு. சேமிச்சும் இருக்கு."

"சேமிச்சிருக்கா?"

"கடைசி வரி வரைக்கும்."

ரஸ் கணினியின் நிகழ்வுப் பதிவைத் திறந்தான். நிரல் தடுமாறி விழுந்தால் அங்கே ஒரு சிவப்புக் குறி இருக்கும். என்ன நிரல், எந்த நொடி, எந்த இடத்தில் என்று இருக்கும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒரு சிவப்பும் இல்லை. மின்சாரம் குறையவில்லை. நினைவகம் நிரம்பவில்லை. ஏதோ ஒன்று பதிவு செய்யத் தவறுகிறது என்று அவன் நினைத்தான். அப்படி நினைத்ததில் அரைமணி நேரம் போனது.

முதலில் இயந்திரத்தையும் கணினியையும் இணைத்த கம்பியை மாற்றினான். பிறகு கணினி தூங்கப்போகும் அமைப்பை அணைத்தான். வைரஸ் தடுப்பு எதையாவது பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. இரவில் ஏதாவது புதுப்பிப்பு இறங்கியதா என்று பார்த்தான். ஒன்று இறங்கியிருந்தது. அதை நீக்கினான்.

"இப்ப எழுதிப் பாருங்க."

"யார் பேசுவா?"

வெர்ன் வார இதழை எடுத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறி உட்கார்ந்தார். வாழ்நாளில் பலமுறை உட்கார்ந்த இடம். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். லோரெட்டாவின் விரல்கள் இறங்கின.

வெறும் இருபத்திரண்டு விசைகள், மேலே எழுத்து எதுவும் கிடையாது. பியானோ வாசிப்பதுபோல் நாலைந்து விசைகளை ஒன்றாக அழுத்தினால் ஒரு அசையோ ஒரு சொல்லோ முழுதாக விழும். அதற்கு ஒரு தட்டு என்று பெயர். எந்தத் தட்டுக்கு எந்தச் சொல் என்பது லோரெட்டாவின் சொந்த அகராதியில் இருக்கிறது. முப்பத்தொரு வருடமாகச் சேர்த்தது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பதிவுகள்.

"பள்ளிக்கூட மதிய உணவு" என்று படித்தார் வெர்ன். "திங்கள், கோழித் துண்டுகள். செவ்வாய், உருளைக்கிழங்கு ஹாட்டிஷ். புதன், மறுபடியும் கோழித் துண்டுகள். இதுக்கா நான் வரி கட்டறேன்?"

திரையில் எல்லாம் ஓடியது, கடைசிக் கேள்வி உட்பட.

"பனிக்கட்டி மீன்பிடிப் போட்டி, மூணாம் பக்கம். முதல் பரிசு, ஏழரை பவுண்டு வால்ஐ மீன். பிடிச்சவன் என் மச்சான். பொய். அது ஏழு பவுண்டுகூட இருக்காது."

"பதிவாயிடுச்சு, வெர்ன்" என்றார் லோரெட்டா, நிமிராமல்.

"அழி."

"அழிக்க மாட்டேன்."

இருபத்தைந்து நிமிடம் படித்தார். மரண அறிவிப்புகள் வரை வந்துவிட்டார். நிரல் அசையவில்லை.

"உன்னைப் பாத்துப் பயப்படுது ரஸ்" என்றார் வெர்ன். "என் காரும் அப்படித்தான். மெக்கானிக் வாசல்ல நிறுத்தினா சத்தமே வராது."

ரஸ் சிரிக்கவில்லை. எதனால் என்று தெரியாமலே நின்றுபோன கோளாறு எந்த நேரமும் மறுபடி வரும். பன்னிரண்டு மணிக்கு நிரல் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தான். பதினெட்டு நிமிடம் இசை. பிறகு ஒரு பெண் குரல்.

"பிழைச் செய்தி என்ன வருது சார்?"

"எதுவும் வரல."

"எண் ஏதாவது?"

"எண்ணும் வரல. தானா மூடிக்குது."

"அப்ப நான் புகார்ல என்னன்னு எழுதட்டும்?"

"தானா மூடிக்குதுன்னு எழுதுங்க."

"பிழை எண் இல்லாம இந்தப் பெட்டி என்னை அடுத்த பக்கம் விடாது சார்."

ரஸ் போனை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றான். வெளியே பனியகற்றும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது. டீனாவின் முன்னாள் கணவனும் அவன் வக்கீலும் எதிர்ச் சாரியில் இருந்த உணவகத்துக்கு நடந்தார்கள். அவசரமில்லாமல் நடந்தார்கள். அவர்களுக்கு அவசரப்பட ஒன்றுமில்லை.

"மினியாபொலிஸ்லேர்ந்து வேற ஆள் கேட்டேன்" என்றார் லோரெட்டா. "வியாழக்கிழமைதான் வருவாங்களாம். தூரத்திலேர்ந்து போன் வழியா எழுதறவங்களும் அடுத்த வாரம்தான்."

"போன்ல பேச்சை எழுத்தாக்கற செயலி ஒண்ணு இருக்கே?"

"காலையில வெர்ன் போன்ல போட்டுப் பாத்தோம். 'காப்பாளர்'னு சொன்னதை 'காப்பி ஆறுது'ன்னு போட்டுச்சு. நீதிபதி அப்பவே போனை உள்ள வைக்கச் சொல்லிட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த மாதிரி ஒண்ணை வச்சுட்டு என்னை அனுப்பிடலாம்னு கவுண்டியை நடத்தற கமிஷனர்கள் பேசிக்கிறாங்க, தெரியுமில்ல? இன்னிக்கு நடந்தது அவங்களுக்குச் சக்கரை மாதிரி."

ரஸ் படியிறங்கிப் போனான். கீழிருந்து தன் மாற்று மடிக்கணினியைக் கொண்டுவந்தான். நிரலை நிறுவினான். லோரெட்டாவின் அகராதியை அதில் நகலெடுத்தான். இன்றைய வழக்குக்காக அவர் முந்தின நாள் தயாரித்த பெயர்ப் பட்டியலையும் எடுத்தான். ஒவ்வொரு வழக்குக்கும் அவர் ஆவணங்களைப் படித்து, அதில் வரும் ஆட்கள், ஊர்கள், மருந்துகள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே தட்டு முடிவு செய்து வைப்பார். அப்போதுதான் திரையில் பெயர் பிழையில்லாமல் வரும்.

பன்னிரண்டு ஐம்பது. புதுக் கணினியில் வெர்ன் வானிலை அறிக்கையைப் படித்தார். ஓடியது.

"அவ்வளவுதானே?" என்றார் லோரெட்டா. குரலில் கெஞ்சல் இருந்தது. "பழைய கணினியிலதான் கோளாறு. இதுல சரியாயிடும்."

"அதுலயும் நாம படிச்சப்ப சரியாத்தான் ஓடுச்சு. நாம எதையும் கண்டுபிடிக்கல லோரெட்டா. இடம் மாத்தியிருக்கோம், அவ்வளவுதான். நாலு தடவையும் கடைசி வரி என்ன, காட்டுங்க."

லோரெட்டா காலைக் கோப்பைத் திறந்தார். நிரல் மூடிய இடங்களில் வரிகள் பாதியில் நின்றிருந்தன.

"இன்று நாம் பேசப்போவது"

"நான் வீட்டுக்குப் போனபோது"

"இரவு நேரத்தில்"

"அப்பா வீட்டில்"

முதலாவது நீதிபதி பேசியது. மற்ற மூன்றும் ஆர்லீன் ஸ்டோய் பேசியவை. குழந்தையின் நலனைப் பார்த்துச் சொல்ல நீதிமன்றம் நியமித்த பெண் அவர். நான்கு வரிகளுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. நேரத்திலும் ஒழுங்கில்லை. ஒன்று ஏழு நிமிடத்தில், இன்னொன்று நாற்பது நிமிடத்தில்.

அப்போது கதவு திறந்தது. டீனா வந்தாள். கையில் தாழ்வாரத்து விற்பனை இயந்திரத்தில் வாங்கிய சிப்ஸ் பை, பிரிக்காமல் இருந்தது. வெர்ன் எழுந்து, வெளியே இருக்கும்படி கையால் காட்டினார். அவள் அதைப் பார்க்காததுபோல் நேராக லோரெட்டாவிடம் வந்தாள்.

"இது தானா நடக்கலன்னு எனக்குத் தெரியும்."

லோரெட்டாவின் கைகள் இயந்திரத்தின்மேல் இருந்தன. யாராவது பேசினால் அவை சும்மா இருக்காது. டீனா பேசியது அவள் மேசையிலிருந்த திரையிலேயே எழுத்தாக வந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா எழுதறீங்க. இப்ப மட்டும் நல்லா வருதே! உள்ள எல்லாரும் உக்காந்திருக்கும்போது மட்டும் நின்னுபோகுது. நான் எதைப் படிக்கக்கூடாதோ அது வரும்போது நிக்குது."

"அம்மா, யாரும் வேணும்னு செய்யல" என்றான் ரஸ். லோரெட்டா அதையும் எழுதினார். டீனா திரையில் படித்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"கணினி ஆளு."

"அப்ப உங்களுக்கே தெரியாது."

"ஆமா, தெரியல" என்றான். "எதைப் படிக்கக்கூடாதோ அதுன்னு சொன்னீங்களே. அது எது?"

திரை சொன்னதை அவள் இரண்டு முறை படித்தாள்போலிருந்தது. சட்டென்று குரல் இறங்கியது. இறங்கியது அவளுக்குத் தெரிந்திருக்காது.

"எனக்கு உதடு படிக்க அவ்வளவா வராது. பாதிக்குப் பாதி தப்பாப் போகும். ஆனா ஒரு வார்த்தை மட்டும் யார் உதட்டுல வந்தாலும் தெரியும். நீதிபதியோ அந்த ஸ்டோய் அம்மாவோ அதைச் சொல்றாங்க, நான் உடனே திரையைப் பாக்கிறேன், திரை போயிடுது. நாலு தடவையும். என் பொண்ணு பேரு. க்ளோயி."

லோரெட்டாவின் விரல்கள் ஒரு தட்டு தட்டின.

திரை சாம்பலானது.

வெர்ன் சூயிங் கம் மெல்வதை நிறுத்தினார். மடிக்கணினியில் முகப்புப் படம் தெரிந்தது. ரஸ் போன கோடையில் பிடித்த மீனோடு நிற்கும் படம்.

"இது என் கணினி" என்றான் ரஸ். "நிரல் இப்ப அரைமணி நேரத்துக்கு முன்னாடி போட்டது."

அவன் நிரலைத் திறந்தான். "லோரெட்டா, அதை மட்டும் எழுதுங்க. அந்தப் பேரை."

அவர் தட்டினார். மூடியது. திறந்தான். தட்டினார். மூடியது.

"என்ன தட்டறீங்க?"

"க்-ளோ. கூடவே நட்சத்திரம்."

"நட்சத்திரம் எதுக்கு?"

"பேருக்கு எல்லாம் நட்சத்திரம் சேர்த்துத் தட்டுவேன். நடுவில இருக்கிற இந்த விசை. சாதாரண வார்த்தையோட குழம்பக்கூடாதுன்னு. எல்லாரும் அப்படித்தான்..." அவர் நிறுத்தினார்.

ரஸ் அகராதியைத் திறந்து அந்தத் தட்டைத் தேடினான். ஒரே ஒரு பதிவு இருந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தைய தேதி, இந்த நிரல் வாங்கிய வாரம். எதிரே சொல் எதுவும் இல்லை. அடைப்புக்குள் ஒரு கட்டளை: சேமித்து மூடு, வெளியேறு.

லோரெட்டா நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை எழவில்லை.

"பயிற்சி கொடுக்க வந்த பையன் சொன்னான். அடிக்கடி செய்யற வேலைக்கெல்லாம் ஒரு தட்டு வச்சுக்குங்க, மவுஸ் தேட வேண்டாம்னு. க்ளோஸுக்கு க்-ளோ, அது கட்டளைன்னு தெரியணும்னு ஒரு நட்சத்திரம். நிச்சயமா மூடணுமான்னு கேட்டுச்சு. 'இனி கேட்க வேண்டாம்'ங்கிற கட்டத்துல டிக் போட்டேன். அந்த வாரத்துக்கப்புறம் அதை நான் தட்டினதே இல்ல."

"பதினொரு வருஷத்துல க்ளோயின்னு ஒருத்தர்கூடவா வரல?"

"வந்தாங்க. மூணு நாலு பேர். ஆனா அவங்க பேர் ஆவணத்துல இருந்தது. வழக்குப் பட்டியல்ல போட்டுட்டா, அதுதான் அகராதியை முந்திக்கும்." அவர் மேசைமேலிருந்த கோப்பைத் தொட்டார். "இது குழந்தை வழக்கு. குழந்தையோட பேரை ஆவணத்துல எழுதக்கூடாது. எல்லா இடத்திலயும் முதலெழுத்து மட்டும், 'சி.ஆர்.'தான். நான் 'சி.ஆர்.'தான் தயார் பண்ணினேன்."

"ஆனா நீதிபதி எழுத்துல கூப்பிட மாட்டாங்க" என்றார் வெர்ன். "எப்பவும் சொல்வாங்களே, இந்த அறையில குழந்தைக்குப் பேர் உண்டுன்னு."

"காதுல விழுந்தது, கை எழுதிடுச்சு. நான் யோசிக்கவே இல்ல."

நிகழ்வுப் பதிவில் ஏன் எதுவும் இல்லை என்பது ரஸுக்கு இப்போது புரிந்தது. நிரல் விழவில்லை. மூடச் சொன்னார்கள், மூடியது.

டீனா நடுவில் நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை. வெர்ன்தான் முதலில் கவனித்தார். "அந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்கப்பா!"

லோரெட்டா அகராதிப் பதிவை அழித்தார். அதே தட்டுக்கு எதிரே ஒரு பெயரை எழுதிச் சேமித்தார். பிறகு இயந்திரத்தில் கை வைத்து, வாயால் சொல்லாமல், நேராகத் திரைக்கே எழுதினார்: நான்தான் நிறுத்தினேன். தெரியாமல். க்ளோயி என்று எழுதும் விரல்கள், எனக்குத் தெரியாமல், மூடு என்று எழுதியிருக்கின்றன. என் தவறு. மன்னித்துவிடுங்கள்.

டீனா படித்தாள். நடுவில் இருந்த பெயரில் கண் நின்றது. திரை போகவில்லை.

"அப்ப நான் சொன்னது சரிதான்" என்றாள்.

"சரிதான்" என்று எழுதினார் லோரெட்டா.

"மன்னிச்சேன்னு இப்ப சொல்ல மாட்டேன். சாயங்காலம் கேளுங்க."

ஒன்று இருபது ஆகியிருந்தது. ரஸ் கதவருகே நின்றான். "நீதிபதிகிட்ட கம்பி மாத்தினோம், சரியாயிடுச்சுன்னு சொல்லிடலாமா?" என்று மெல்லக் கேட்டான். "நான் சொல்றேன். பொய்யில்ல. கம்பியும் மாத்தினேன்."

லோரெட்டா அவனைப் பார்த்தார். "கமிஷனர்களுக்காகச் சொல்றியா?"

"உங்களுக்காக."

"வேண்டாம்ப்பா. அந்தப் பக்கத்து வக்கீல், காலையில எழுதினதையே நம்ப முடியாது, எல்லாத்தையும் முதல்லேர்ந்து நடத்தணும்பார். என்ன நடந்ததுன்னு சொன்னாத்தான் அவர் வாயடைக்க முடியும். இயந்திரத்தோட நினைவுல ஒவ்வொரு தட்டும் இருக்கு. கணினிதான் மூடிச்சு. இது நிக்கவே இல்ல."

ஒன்றரைக்கு எல்லோரும் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் உட்காரவில்லை. லோரெட்டா எதிர்பார்த்ததையே, ஏறக்குறைய அதே சொற்களில் சொன்னார். பதிவு பழுதுபட்டது, மே மாதம் புதிதாகத் தொடங்குவதே நியாயம்.

"லோரெட்டா?" என்றார் நீதிபதி.

முப்பத்தொரு வருடத்தில் விசாரணைப் பதிவுக்குள் லோரெட்டாவின் சொந்த வரிகள் ஒரே மாதிரியானவை: மன்னிக்கணும், திரும்பச் சொல்லுங்க. மன்னிக்கணும், மெதுவா. இப்போது அவர் பேசினார், தான் பேசுவதைத் தானே தட்டிக்கொண்டும் இருந்தார். பெயருக்கும் நட்சத்திரம், கட்டளைக்கும் நட்சத்திரம் என்று வைத்துக்கொண்டதைச் சொன்னார். கை ஒருமுறை தவறியது. "தவறு" என்ற சொல்லிலேயே பிழை விழுந்து, திருத்தி எழுதினார். இயந்திரத்தின் நினைவிலிருந்து, விடுபட்ட நாலு இடங்களையும் வாசித்துக் காட்டத் தயார் என்றார்.

"வாசிங்க" என்றார் நீதிபதி.

வாசித்தார். வாசித்தபடியே டீனாவின் திரைக்கும் அனுப்பினார்.

"இன்று நாம் பேசப்போவது க்ளோயியைப் பற்றி. இந்த அறையில் அவளை நான் எழுத்தால் கூப்பிடப்போவதில்லை."

"நான் வீட்டுக்குப் போனபோது க்ளோயி கதவைத் திறந்தாள். அன்று அவள் அம்மாவிடம் இருக்கும் வார இறுதி."

"இரவு நேரத்தில் க்ளோயி என்ன செய்வாள் என்று கேட்டேன். கட்டிலிலிருந்து இறங்கித் தரையை இரண்டு தடவை காலால் உதைப்பேன், அம்மா எழுந்து வந்துவிடுவாள் என்றாள். செய்து காட்டச் சொன்னேன். அம்மா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். இரண்டாவது உதைக்கு முன்பே திரும்பிவிட்டார்."

"அப்பா வீட்டில் க்ளோயிக்கு அப்படி உதைக்க முடியாதாம். தரைவிரிப்பு கனமானது என்றாள்."

எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்தார். ஆர்லீன் ஸ்டோய் கூண்டில் ஏறி, "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்றார்.

டீனா கையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த மூன்றாவது பத்தியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை அடுத்த வரிக்கு நகர்ந்தபோது விரலால் பிடித்து நிறுத்துபவள்போல் கண்ணாடியில் விரல் வைத்தாள். அது நிற்கவில்லை, மேலே போய்விட்டது. அவளுடைய வக்கீல் மஞ்சள் தாளில் "பிறகு அச்சிட்டுத் தருவார்கள்" என்று எழுதிக் காட்டினார்.

விசாரணை நாலு பத்து வரை நடந்தது. பெயர் நாற்பது தடவைக்கு மேல் வந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ரஸ் திரையைப் பார்த்தான். பிரின்டர் கீழே இன்னும் திறந்தே கிடந்தது. உரிம கவுன்டரிலிருந்து ஏழு அழைப்புகள். அவன் எழுந்து போகவில்லை.

நீதிபதி கீல் கண்ணாடியைக் கழற்றினார். காரணங்களைச் சொன்னார். பிறகு சொன்னார்: "க்ளோயி இந்தப் பள்ளி ஆண்டு முடியும்வரை அம்மாவிடம் இருப்பாள். தற்காலிக உத்தரவை அப்படி மாற்றுகிறேன். கோடையில் மறுபடி பார்ப்போம்."

வலதுபக்க மேசையில் தலை குனிந்தது. வெர்ன் கதவருகே மெதுவாக மூச்சு விட்டார். அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, டீனாவைத் தவிர. அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இன்னும் காரணங்களின் கடைசி வரியில் இருந்தாள். நீதிபதி அடுத்ததைப் பேசாமல் காத்திருந்தார்.

லோரெட்டாவின் விரல்கள் இறங்கின. திரையில் முதலில் அந்த ஒரு பெயர் வந்தது. பிறகு மீதி.

டீனா படித்து முடித்தாள். திரும்பி, லோரெட்டாவின் கைகளைப் பார்த்தாள், முகத்தை அல்ல. "சரி" என்றாள், மிகவும் சத்தமாக. "இப்ப கேளுங்க."

லோரெட்டா அதையும் பதிவில் எழுதினார்.